கட்டை மூழ்கும் திறம்: ஒரகடம் வட்டார மீன்தொட்டிகளை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மீன்தொட்டியில் போடும் கட்டையை வேகவைத்து, ஊறவைத்து, அது தானாக மூழ்கிய பிறகு தொட்டிக்குள் இறக்க வேண்டும்.

இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. ஆயினும் ஒரே வரியில் முடியும் ஆய்வை எந்த ஆய்விதழும் காசு வாங்கிக்கொண்டுகூட வெளியிடுவதில்லை. வெளிவராத ஆய்வுக்குப் பதவி உயர்வில் புள்ளி இல்லை. ஆகவே இனி வருவன அனைத்தும் புள்ளிக்காக எழுதப்பட்டவை.

திறவுச்சொற்கள்: கட்டை, வாளி, வேலிகாத்தான், கடுகுப் பொட்டலம், ஹவுஸ் ஓனரம்மா.

1. ஆய்வுக் களமும் எல்லையும்

கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி, மேற்கே சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம். வடக்கு எல்லை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் அது இங்கு விடப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார், 2012 முதல் டைம்லர் லாரி, 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று சக்கரம் உள்ளன யாவும் உற்பத்தியாகும் நிலம் இது. இந்நிலத்து மக்கள் மூன்று ஷிப்டாக வாழ்கின்றனர். மூன்று ஷிப்டிலும் விழித்திருக்கும் பிராணி ஒன்றே இவர்களுக்கு உறவாக முடியும். மீனுக்கு இமை இல்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் மீன்தொட்டி தோன்றியது இயல்பே (டீக்கடை, வாய்மொழி).

மீன் கொளத்தூரிலிருந்து வருகிறது. கண்ணாடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபேன் ஆலை ஸ்ரீபெரும்புதூரிலேயே வார்க்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியைப் படரவிட்டுத் தகடாக்கும் முறை அது. கண்ணாடியையே மிதக்கவிடும் ஊரில் கட்டை மிதப்பதில் வியப்பென்ன என்று கேட்பவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள்.

இவ்வட்டாரத்தின் உயிர்மூச்சு டாக்ட் டைம். லைனில் ஒரு வண்டி இறங்குவதற்கும் அடுத்தது இறங்குவதற்கும் இடையே எத்தனை நொடி என்பதை வைத்தே இங்கே சம்பளம், பஸ், சாப்பாடு, சில வேளைகளில் கல்யாணம்கூட நடக்கிறது. வாளியில் ஊறும் கட்டைக்கு மட்டும் டாக்ட் டைம் கிடையாது. விரலளவுக் குச்சி ஓரிரு நாளில் மூழ்கும். தொடையளவு வேர் சில மாதம் எடுக்கும். எப்போது என்று கேட்டால் பதில் சொல்லாது. இதுவே ஆய்வுச் சிக்கல்.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் இரண்டு பள்ளிகள் உள.

முதலாவது பல்கலைப் பள்ளி. இப்பள்ளியார் எப்பொருளைத் தொட்டாலும் அது சங்க காலத்தில் இருந்ததா என்று தொடங்கி, இருந்தது என்று நிறுவி, இருந்ததில் பெருமைப்பட்டு முடிப்பர். இடையே ஒரு வண்டி அடிக்குறிப்பு வரும். பாதி நெறியாளரின் நூல்களைச் சுட்டும். மறுபாதி, நெறியாளரைச் சுட்டும் பிறர் நூல்களைச் சுட்டும். கட்டை மூழ்கியதா என்ற செய்தி இருக்காது. அது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று முன்னுரையிலேயே சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது தரக்கட்டுப்பாட்டுப் பள்ளி. ஜப்பானியப் பேராசிரியர் காவோரு இஷிகாவாவின் பெயரால் வழங்கும் ஃபிஷ்போன் வரைபடமே இப்பள்ளியின் மூலநூல். உலகில் எந்தக் குறை நேர்ந்தாலும் ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவு, சூழல் என ஆறு முள் வரைந்து, தலைப்பக்கத்தில் குறையை எழுதிவிட்டால் போதும். குறை அப்படியே இருக்கும், ஆடிட்டர் போய்விடுவார். மீன் வளர்க்கும் ஆய்வில் முதலில் மீன்முள்ளைக் காண நேர்வது நல்ல சகுனமன்று என இவ்வாய்வாளர் ஆட்சேபித்தது குறிப்பேட்டில் ஏறவில்லை.

இப்பள்ளியாரின் இன்னொரு கருவி ஐந்து 'ஏன்'. கட்டை ஏன் மிதக்கிறது? உள்ளே காற்று இருப்பதால். ஏன் காற்று? காய்ந்ததால். ஏன் காய்ந்தது? மரம் செத்ததால். ஏன் செத்தது? ஜேசிபி வந்ததால். ஐந்தாவது ஏனுக்கு விடை எல்லாத் தொழிற்சாலையிலும் ஒன்றே: பயிற்சிக் குறைவு. அவ்வாறே கட்டைக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கப்பட்டது. கட்டை இன்னும் மிதக்கிறது.

3. கட்டை வகைப்பாடு

வேவன வேகா வேண்டா என்று
மூவகைப் படுமே தொட்டிக் கட்டை.

இத்தகைய நூற்பா எந்த நூலிலும் கிடைக்காமையால் இவ்வாய்வாளரே இயற்றினார். 'படுமே' என்பதன் ஏகாரம், கருத்தரங்க மேடையில் சிறப்பு விருந்தினர் போல, இடம் நிரப்ப வந்தது.

வேம்பு: பூச்சிக்கொல்லிச் சத்து உடையது. ஊருக்கு மருந்து, தொட்டிக்கு ஆகாது.

அரளி, எட்டி: கூடாது.

திருகுகள்ளி: இதன் பாலைக் குளத்தில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. நம் நோக்கம் அதுவன்று.

தென்னை: கொட்டாங்குச்சி காண்க.

கொட்டாங்குச்சி: தென்னை காண்க.

மூங்கில்: சீக்கிரம் மக்கும்.

பச்சை மரம் எதுவும்: சாறும் சர்க்கரையும் இறங்கி நீரைக் கெடுக்கும். காய்ந்து, பட்டை உரிந்து, நகத்தால் கீறினால் மாவாக உதிராதது வேண்டும்.

கடல் ஒதுக்கிய கட்டை: கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் புயலுக்குப் பின் கிடைக்கும். உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊற வேண்டும்.

கடைக் கட்டை: மலேசியன், மொபானி, ஸ்பைடர் வுட் என்ற பெயர்களில் கிலோக் கணக்கில் விற்பது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மொபானி கட்டைக்கு ஒரகடத்தில் கிடைக்கும் மரியாதை ஒரகடத்துக் கட்டைக்குக் கிடைப்பதில்லை. ஆய்வாளர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

பேலட்: இது சற்று விரித்துரைக்கத்தக்கது. இவ்வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும் மரம் பேலட்டும் பேக்கிங் பெட்டியும்தான். நூறடிக்கொரு காயலான் கடையில் அம்பாரமாகக் கிடக்கும். இலவசமாகக் கிடைப்பதைத் தொட்டியில் போடலாமா என்ற ஆசை ஆய்வாளருக்கும் எழுவதே. அவ்வாறு எழுந்தால் பலகையின் ஓரத்தைப் பார்க்கவும். கோதுமைக் கதிர் முத்திரையும் அதன் பக்கத்தில் நாட்டுக் குறியீடும் இரண்டு எழுத்தும் சூடு போட்டிருக்கும். மரப் பெட்டியில் ஒளிந்து பூச்சி கண்டம் விட்டுக் கண்டம் போகாதிருக்க 2002இல் வகுத்த பன்னாட்டு விதி அது. 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நின்றது என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. அதைத் தொட்டியில் போடுவது, மீனுக்கும் புகையிடுவதற்குச் சமம். எச்.டி. முத்திரை இருந்தாலும் பெரும்பாலான பேலட் பைன் மரம், பிசின் இறங்கும். மேலும் எந்த ரசாயனப் பீப்பாய் அதன்மேல் உட்கார்ந்து வந்தது என்பதைப் பேலட் யாரிடமும் சொல்வதில்லை. முடிவு: சிக்கனம் கருதிப் பேலட்டை எடுப்போர் மீனையும் சேர்த்தே இழப்பர் (டீக்கடை, பெஞ்சின் இடக் கோடி, காலை ஷிப்ட் மரபு, வலக் கோடியில் அமர்வோர் மறுப்பர்).

வேலிகாத்தான்: சீமைக் கருவேலம் என்றும் பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, தமிழ்நாட்டு ஏரிகளையெல்லாம் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்ட மரம். அகற்றுங்கள் என்று 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட்டது. வெட்டிய இடங்களில் மிச்சம் நிற்கும் தூரும் வேரும் வெயிலில் பட்டு, மழையில் ஊறி, மண்ணில் புரண்டு, கடைக் கட்டையும் பொறாமைப்படும் முறுக்கோடு கிடக்கின்றன. அடர்த்தியான, கடினமான மரம், சீக்கிரம் மக்காது. அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் தவிர வேறு நற்பெயர் பெறாத இம்மரம் தொட்டிக்குள் போனதும் இயற்கை எழில் எனப்படுகிறது. ஆனால் ஏரி அரசுடையது. ஏரிக்குள் நிற்பதும் அரசுடையது. கேட்டுவிட்டு எடுக்கவும்.

4. பாத்திரவியல்

எதில் வேகவைப்பது என்ற வினாவுக்கு நூல்கள் விடை தருவதில்லை, வீடுகள் தருகின்றன.

குக்கர் கூடாது. மரத்துகள் ஆவித் துவாரத்தை அடைக்கும். இட்லிக் குண்டான் கூடாது. காரணத்தை மறுநாள் இட்லி சொல்லும். குடும்ப அண்டா, பொங்கலுக்கும் பெண் பார்க்க வரும் நாளுக்கும் உரியது. பொருத்தமானது வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும் பிரியாணி தேக்சா; கடைக்காரர் எத்தனை பேருக்கு என்று கேட்டால் உண்மை சொல்லத் தேவையில்லை. தேக்சாவிலும் அடங்காத கட்டைக்குக் கொதிநீரை ஊற்றி ஊற்றி எடுத்து, பிறகு டிரம்மில் ஊறப்போட வேண்டும். சிறு கட்டைக்கு ஓரிரு மணி நேரம் கொதி போதும். வெந்நீர், உள்ளிருக்கும் பூச்சியையும் பூஞ்சை வித்தையும் கொல்லும், காற்றை வெளியேற்றும், துவர்ப்புச் சத்தைக் கரைத்து இறக்கும். சோப்பு, சர்ஃப், வார்னிஷ், பெயிண்ட் நான்கும் விலக்கு. நாள்முழுக்கக் கொதிக்கவிட்டால் கட்டை வேகுமுன் 14.2 கிலோ சிலிண்டர் வெந்துவிடும்.

இது தொடர்பான களப்பதிவு ஒன்று, ஆய்வு நெறிப்படி திருத்தாமல் தரப்படுகிறது:

"தம்பி, காலைலேர்ந்து அடுப்பு எரியுது, சாம்பார் வாசனையே காணோமே. என்னப்பா வேகுது?"

"கட்டைங்கம்மா."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீட்டுக்குள்ள கட்டை வேகுதுன்னு வாயால சொல்லாதப்பா."

தகவலாளி: ஹவுஸ் ஓனரம்மா. அடுத்த மாதம் வாடகை ஏறியதற்கும் இப்பதிவுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

5. நிறவியல்

கட்டை வெந்த தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். காரணம் டானின். ஆவாரம் பட்டையிலிருந்து இறங்கித் தோலைப் பதப்படுத்தும் அதே இனச் சத்து. அதை ஆராய 1948 முதல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. வாளியில் இறங்குவதை ஆராய ஒருவர்கூட இல்லை என்ற குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

டானின் மீனுக்குத் தீங்கன்று. அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் கார்டினல் டெட்ரா மீன்கள் டீ நிறத் தண்ணீரிலேயே வாழ்கின்றன. நம்மூரில் ஃபைட்டர் மீன் வளர்ப்போர், பள்ளிக்கூட வாசலில் சும்மா உதிரும் நாட்டு வாதுமை இலையைப் பொட்டலத்தில் காசு கொடுத்து வாங்கி, அதே நிறத்தை வேண்டுமென்றே வரவழைக்கின்றனர். பக்கத்துத் தொட்டிக்காரர், கட்டையிலிருந்து சும்மா வரும் நிறத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஆக்டிவேட்டட் கார்பனால் நீக்குகிறார். இருவரும் ஒரே கடையின் வாடிக்கையாளர் என்பதால் கடைக்காரர் இவ்விவாதத்தில் கருத்துச் சொல்வதில்லை.

டானின் நீரை அமிலப் பக்கம் இழுக்கும் என்பது பொதுவிதி. போர்வெல் கடினநீரில் கரைந்துள்ள கார்பனேட் உப்பு அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சட்டென்று தெரியும்.

6. மிதப்பியல்: குரங்குப் பக்ஷமும் பூனைப் பக்ஷமும்

இனி, இவ்வாய்வின் நடுநாயகமான பகுதி.

மரத்தின் செல்சுவர் தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியுடையது. எனவே கட்டையின் இயல்பு மூழ்குவதே. மிதப்பது, அதன் நுண்குழல்களில் தங்கிய காற்றின் செருக்கு. காற்று நீங்கி நீர் நிறைந்தால் தன் இயல்பை அடையும். இதில் ஐயமில்லை. ஐயம், அதை அடைவிப்பது யார் என்பதில்.

1017இல் இராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவர் வழியில் பின்னர் வடகலை, தென்கலை என இரு மரபு கிளைத்தபோது, ஜீவன் இறைவனை அடைவது எப்படி என்ற வினாவுக்கு இரண்டு உவமைகள் வழங்கின. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டி சும்மா கிடக்கிறது. தாய் கவ்விக்கொண்டு போகிறது. அவ்வூரை நடுவாகக் கொண்ட இவ்வட்டாரத்தில், கட்டை மூழ்குவதிலும் அவ்விரு பக்ஷங்களே நிலவக் காண்கிறோம்.

குரங்குப் பக்ஷத்தார் கூறுவது: கட்டை தன் முயற்சியால் நீரை உறிஞ்சி மூழ்க வேண்டும். வாளியில் போட்டு, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றி, வாரக்கணக்கில் காத்திருப்பதே நெறி. கல்லைக் கட்டி இறக்கிய கட்டை உண்மையில் மூழ்கியதாகாது, கல்லே மூழ்கிற்று. (இப்பக்ஷத்துக்கு இன்று கிடைக்கும் ஒரே நூல், ஒரகடம் கூட்டுச்சாலை ஷேர் ஆட்டோ ஒன்றின் பின்னிருக்கை ரெக்சினில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டது. வல்லக்கோட்டை வரை பாடம் தெளிவு. அதற்கு மேல் பயணி ஒருவர் அமர்ந்துவிட்டமையால் சிதைவு.)

பூனைப் பக்ஷத்தார் கூறுவது: கட்டையின் முயற்சி என்று ஒன்றில்லை, அது கட்டை. கல்லே கருணை கூர்ந்து அதைக் கீழே இருத்துகிறது; இருந்த இடத்தில் அது மெல்ல ஊறித் தானே தங்கிவிடும்; அதன்பின் கல்லை எடுத்துவிடலாம். இப்பக்ஷத்துள்ளும் மேற்கல்லார், கீழ்க்கல்லார் என உட்பிரிவு உண்டு. மேற்கல்லார் கட்டையின்மேல் கல்லை வைப்பர். கீழ்க்கல்லார் அடியில் கல்பலகையை வைத்து ஸ்க்ரூ முடுக்குவர். கீழ்க்கல்லார்க்கு இரண்டு எச்சரிக்கை. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் இனம். அமில நீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். கருங்கல் துண்டே நன்று. ஸ்க்ரூ எஸ்.எஸ். ஆக இருக்க வேண்டும். லைனில் உதிர்ந்த போல்ட் வேண்டாம்: துத்தநாகப் பூச்சு நீரில் இறங்கினால் மீனுக்குக் கேடு, கேட்டில் பிடிபட்டால் வேலைக்குக் கேடு.

(பூனைப் பக்ஷ மூலநூல், மளிகைக் கடைப் பொட்டலத் தாள்களில் சிதறிக் கிடக்கிறது. கடுகுப் படி, சீரகப் படி, கடலைப்பருப்புப் படி என மூன்று கிடைத்தன. கடுகுப் படியில் 'கல் வைக்க' என்றும், சீரகப் படியில் 'கால் வைக்க' என்றும் பாடம். காலால் மிதித்தாலும் கட்டை மூழ்குமாதலின் இரண்டும் ஏற்புடையன என்பர் ஒரு சாரார். துணைக்கால், எண்ணெய்க் கறையே என்பர் இன்னொரு சாரார். எண்ணெய்க்கும் ஓர் அர்த்தம் உண்டு, அதை நாம் அறியோம் என்பார் மூன்றாமவர், இவரே துறைத்தலைவர். கடலைப்பருப்புப் படி, இவ்வாய்வாளர் படிக்குமுன் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. ஆதலின் அதுவே திருத்தமான பாடம் எனக் கொள்ளப்பட்டது. யாராலும் சரிபார்க்க இயலாத படியே சிறந்த படி என்பது பதிப்புலகில் நெடுங்காலமாக வழங்கும் நெறி.)

இரு பக்ஷங்களும் பல ஆண்டுகளாக மோதி வருகின்றன. மறுப்புரை, மறுப்புக்கு மறுப்புரை, மணிவிழா மலர் வரை வந்துவிட்டன. இரண்டில் ஒரு தரப்பும் மற்றதன் வாளியை எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டு வாளியிலும் கட்டை அடியில் கிடப்பது தெரிந்திருக்கும். தெரிந்தபின் கருத்தரங்கம் நடத்த முடியாது; நிதி திரும்பிப் போய்விடும்.

7. வெண்படலவியல்

கட்டை தொட்டிக்குள் போன சில நாளில் அதன்மேல் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் படரும். தரக்கட்டுப்பாட்டுப் பள்ளியார் இதைக் கண்டதும் லைனை நிறுத்துவர். தேவையில்லை. மரத்தில் மிஞ்சிய சர்க்கரையைத் தின்ன வந்த பாக்டீரியாவும் பூஞ்சையும் அது. மீனுக்குக் கெடுதல் இல்லை. நத்தையும் இறாலும் மேய்ந்துவிடும். இல்லையேல் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அதுவும் இல்லையேல் சில வாரத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் தானே போகும். சக்கர் மீனும் கட்டையைச் சுரண்டி மேயும். அது தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவோர், நாட்டு மீனின் வயிற்றில் அடிப்பவர். வேலிகாத்தானை ஏரியிலிருந்து எடுத்துச் சக்கரை ஏரிக்குள் விடுவது பண்டமாற்றாகாது.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: கட்டையை வேகவைத்து ஊறவைத்தால் மூழ்கும். இது ஆய்வுச் சுருக்கத்தில் கூறியதே. ஆய்வின் முடிவு தொடக்கத்தோடு முரணாமை ஆய்வுத் தூய்மைக்குச் சான்று.

இரண்டு: இவ்வட்டாரத்தில் எவரும் அவசரப்படுத்த முடியாத பொருள் இது ஒன்றே. சூப்பர்வைசர் அதட்டினாலும், ஜெனரல் மேனேஜர் வாளியருகே ரவுண்ட்ஸ் வந்தாலும், அது ஊறும் வேகத்தில்தான் ஊறும். காத்திருக்கத் தெரிந்தவனுக்கு வாளி போதும். தெரியாதவனே வகைப்பாடு செய்கிறான், பக்ஷம் பிரிக்கிறான், முள் வரைகிறான், மேற்கோள் தேடுகிறான்.

மூன்று, மேலாய்வாளர்க்கு: கட்டையை வாளியில் போட்ட அன்றே ஆய்வுக் கட்டுரையை எழுதத் தொடங்கவும். எழுதி முடிக்கையில் கட்டை மூழ்கியிருக்கும். மூழ்காவிடில் கட்டுரை போதிய நீளம் இல்லை என்று பொருள்; முன்னாய்வுகள் பகுதிக்குத் திரும்பி, நெறியாளரின் நூல்கள் இன்னும் இரண்டைச் சேர்க்கவும்.